மேரி சீக்கோல் தலைமைப் பயிற்சி: புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியரின் பார்வையில் ஒரு மதிப்புரை

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.-இன் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ச் செவிலியர்கள் பேண்ட் 6 என்னும் ஊதியப் படிநிலைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்: மேரி சீக்கோல் பயிற்சியில் சேரலாமா, சேர்ந்தால் பேண்ட் 7 கிடைக்குமா? நான் கீமோ டே யூனிட்டில் (புற்றுநோயாளிகள் பகலில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் பிரிவில்) சிஸ்டராக, அதாவது மூத்த செவிலியராக, இருந்தபோது இந்தப் பயிற்சியை முடித்தேன். இப்போது அதே துறையில் ஒரு யூனிட்டின் மேனேஜராக இருக்கிறேன். என் பதில் இதுதான்: உங்கள் பொறுப்பில் ஒரு சிறு குழுவும், உங்கள் யூனிட்டில் தீர்க்கப்பட வேண்டிய ஒரு சிக்கலும் இருந்தால் தாராளமாகச் சேருங்கள், சான்றிதழைக் காட்டிப் பதவி உயர்வு வாங்கலாம் என்ற எண்ணம் மட்டுமே இருந்தால், அந்த ஆறு மாதத்தை வேறு எதற்காவது செலவிடலாம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்வதற்கு முன், அது எந்தப் படியில் நிற்பவர்களுக்கானது என்பதைச் சொல்ல வேண்டும். 2004-இல் வந்த 'அஜெண்டா ஃபார் சேஞ்ச்' ஊதிய முறையில், பதிவு பெற்ற செவிலியர் பேண்ட் 5-இல் தொடங்குகிறார். வெளிநாட்டிலிருந்து வருபவர் வேலூரிலோ சென்னையிலோ பத்தாண்டு அனுபவம் பெற்றிருந்தாலும், ஓ.எஸ்.சி.இ. என்னும் செய்முறைத் தேர்வை முடித்துப் பதிவு எண் வாங்கியதும் பெரும்பாலும் அதே பேண்ட் 5-இல்தான் அமர்த்தப்படுகிறார். புற்றுநோய்ப் பிரிவில் அதற்கடுத்த படி, யூகான்ஸ் என்னும் பிரித்தானியப் புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் வகுத்த திறன் பாஸ்போர்ட்டை (திறன்களைச் சரிபார்க்கும் பதிவேட்டை) முடித்து, கீமோ கொடுக்கத் தகுதி பெறுவது. பேண்ட் 6-இல் ஒரு ஷிப்டையோ ஒரு குழுவையோ பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வருகிறது. அதன் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று, மார்பகம், நுரையீரல், குடல் என ஏதோ ஒரு புற்றுநோய்க்கான ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் ஆவது; மற்றொன்று, வார்டு அல்லது யூனிட் மேனேஜர் ஆவது. இரண்டுக்கும் மேலே மேட்ரன், லீட் கேன்சர் நர்ஸ், செவிலியர் இயக்குநர் என்று பேண்ட் 8-உம் 9-உம் நீள்கின்றன. மேரி சீக்கோல் பயிற்சி இந்தப் பாதை பிரியும் இடத்தில் நிற்பவருக்கானது, அதாவது முதல் முறையாகப் பிறரை வழிநடத்தும் பொறுப்புக்கு வந்தவருக்கு அல்லது வரப்போகிறவருக்கு.

புற்றுநோய்ச் செவிலியர் தலைமைப் பொறுப்புக்கு வருவது புதிய செய்தியன்று. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் செவிலியர் இயக்குநராக இருந்த ராபர்ட் டிஃபனி, உலகளாவிய புற்றுநோய்ச் செவிலியர் அமைப்பையும் ஐரோப்பிய அமைப்பையும் உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அதே மருத்துவமனையைச் சார்ந்து ஆய்வு செய்த ஜெசிகா கார்னர், நுரையீரல் புற்றுநோயாளிகளின் மூச்சுத்திணறலை மருந்தால் மட்டுமன்றிச் செவிலியர் நடத்தும் கிளினிக்குகளில் மூச்சுப் பயிற்சியாலும் பேச்சாலும் தணிக்க முடியும் என்று 1990-களில் நிறுவினார். பிறகு பல்கலைக்கழகத் தலைமைப் பொறுப்புகள் வழியாக 2022-இல், பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு நிதி வழங்கும் ரிசர்ச் இங்கிலாந்து அமைப்பின் நிர்வாகத் தலைவரானார். இவர்களை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இருவரும் நோயாளியின் படுக்கையருகே பார்த்த ஒரு சிக்கலைக் கையிலெடுத்துக்கொண்டே மேலே போனார்கள். இந்தப் பயிற்சி யாருக்குப் பயன்படும் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பயிற்சியை நடத்துவது 2012-இல் தொடங்கப்பட்ட என்.எச்.எஸ். லீடர்ஷிப் அகாடமி. மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நடந்த கவனிப்புக் குறைபாடுகளை விசாரித்த ஃபிரான்சிஸ் அறிக்கை 2013-இல் வெளிவந்த பிறகு, மருத்துவமனைகளின் எல்லா மட்டங்களிலும் தலைமைப் பண்பை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. இந்தப் பயிற்சி வேரூன்றியதும் அந்தக் காலத்தில்தான். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1805-இல் பிறந்த மேரி சீக்கோல், கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களுக்குப் பணியாற்ற முன்வந்தபோது அரசு அவரை ஏற்கவில்லை. அவர் சொந்தச் செலவில் போய் 1855-இல் போர்முனைக்கு அருகே 'பிரிட்டிஷ் ஹோட்டல்' என்ற விடுதியை அமைத்து, வீரர்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தார். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் அவருக்கு 2016-இல்தான் சிலை வைத்தார்கள். அழைக்கப்படாமலேயே போய்ப் பொறுப்பை ஏற்ற ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயரை, முதல் படித் தலைவர்களுக்கான பயிற்சிக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பயிற்சி ஆறு மாதம் நடக்கிறது. பெரும்பகுதி ஆன்லைன் பாடம். மொத்தம் ஏறத்தாழ 100 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும். இடையிடையே மற்ற மருத்துவமனைகளிலிருந்து வருபவர்களோடு சேர்ந்து செய்யும் பயிலரங்குகள் உண்டு. முடித்தவர்களுக்கு அகாடமியின் சுகாதாரத் தலைமைத்துவ விருது என்ற சான்று கிடைக்கிறது. பாடத்தின் அடிநாதமாக இருப்பது அகாடமி 2013-இல் வெளியிட்ட தலைமைத்துவ மாதிரி. அதில் பகிர்ந்த நோக்கத்தை ஊட்டுதல், அக்கறையோடு வழிநடத்துதல், தகவலை மதிப்பிடுதல், குழுவை ஈடுபடுத்துதல், பொறுப்புக் கேட்டல் (செய்ததற்குப் பதில் சொல்லவைத்தல்) என ஒன்பது கூறுகள் இருக்கின்றன. ஒன்பதையும் ஒரே அளவில் புகழ எனக்கு மனமில்லை. சில கூறுகள் புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு ஏற்கெனவே கைவந்தவை. இரண்டு கூறுகள் மட்டும் என் வேலையையே மாற்றின.

கைவந்தவை என்று ஏன் சொல்கிறேன் என்றால், கீமோ யூனிட்டின் 24 மணி நேர உதவி எண்ணில் இரவுப் பணி பார்த்தவர் எவரும் தலைமைக்குப் புதியவர் அல்லர். நள்ளிரவில் ஒரு நோயாளியின் கணவர் அழைத்து, மனைவிக்கு நடுக்கமாக இருக்கிறது, காய்ச்சல் போலத் தெரிகிறது என்கிறார். யூகான்ஸ் அட்டவணையில் ஆபத்தின் அளவைக் காட்ட சிவப்பு, ஆம்பர், பச்சை என்று நிறங்கள் இருக்கின்றன. சிவப்பு என்றால் உடனே வரச் சொல்ல வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் தொற்று பரவியிருக்கலாம் என்பதால், அவர் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். டாக்டர் பக்கத்தில் இல்லை. தொலைபேசியில் கேட்கும் குரலும், நாம் கேட்கும் கேள்விகளும் மட்டுமே இருக்கின்றன. ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்வதும், அவசரப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதும், அங்கே இருப்பவர்கள் தயங்கினால் வற்புறுத்துவதும் செவிலியரின் முடிவு. இதைத் தலைமை என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. பயிற்சியில் அந்த மாதிரியைப் படித்தபோது, நாங்கள் செய்துவந்த வேலை ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இடம் இருப்பதைப் பார்த்தேன். நேர்காணலில் உட்காரும்போது இந்தத் தெளிவு பெரிய துணை.

என் வேலையை மாற்றிய இரண்டில் முதலாவது, தகவலை மதிப்பிடுதல். கற்றதை வேலையிடத்தில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி வற்புறுத்துகிறது. அதற்காக நான் எடுத்துக்கொண்டது எங்கள் யூனிட்டின் காத்திருப்பு நேரம். குடல் புற்றுநோய்க்கு ஆக்சாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்தை ஏற்றிக்கொள்ள வரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து ஏற இரண்டு மணி நேரம் ஆகும். அதன் பிறகு 46 மணி நேரம் ஓடும் ஒரு சிறு பம்ப்பை இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காருபவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் மருந்துப் பை மதியம் ஒரு மணிக்குத்தான் வரும். அவர் கிளம்பும்போது நான்கு மணி தாண்டியிருக்கும். மூன்று மாதமோ ஆறு மாதமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு நாள் கழிந்தால், வாழ்நாள் குறைவாக இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த நாற்காலிகளுக்கு அருகில் நிற்பவர்கள் அறிவார்கள்.

தாமதத்துக்குக் காரணம் பார்மசி என்று யூனிட்டில் எல்லோரும் நம்பினார்கள். பார்மசியில் இருப்பவர்களோ எங்களைச் சொன்னார்கள். நான் ஒரு தாளில் ஐந்து கட்டங்கள் போட்டேன்: நோயாளி வந்த நேரம், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நேரம், மருந்து தரலாம் என்று டாக்டர் உறுதி செய்த நேரம், பை வந்து சேர்ந்த நேரம், ஏற்றத் தொடங்கிய நேரம். ஒவ்வொரு நாற்காலியிலும் அந்தத் தாளை மாட்டி, யார் பக்கத்தில் இருந்தாலும் நிரப்பும்படி கேட்டுக்கொண்டேன். சில வாரம் சேர்ந்த பிறகு பார்த்தால், நேரம் அதிகம் போனது இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் நடுவில். ரத்தப் பரிசோதனை அன்று காலையிலேயே எடுக்கப்பட்டது. முடிவு வந்த நேரத்தில் டாக்டர்கள் கிளினிக்கில் இருந்தார்கள். கிளினிக் முடிந்த பிறகே கையெழுத்து வந்தது. அதற்குப் பிறகே பார்மசி மருந்தைக் கலக்க ஆரம்பித்தது. ரத்தத்தை முந்தைய நாளே எடுத்து, அன்று மாலையே ஒரு மூத்த செவிலியர் முடிவுகளைப் பார்த்து, வரம்புக்குள் இருப்பவர்களின் பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்புவது என்று மாற்றினோம். இது புதிய கண்டுபிடிப்பன்று. பல மருத்துவமனைகளில் ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதுதான். ஆனால் எங்கள் யூனிட்டில் அதைக் கொண்டுவந்தது அந்தத் தாள். கன்சல்டன்டிடம் 'நோயாளிகள் ரொம்ப நேரம் காத்திருக்கிறார்கள்' என்று பல வருடம் சொல்லிப் பார்த்திருக்கிறோம். எந்தக் கட்டத்தில் காத்திருக்கிறார்கள் என்று நேரத்தோடு காட்டிய அன்றுதான் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது, பொறுப்புக் கேட்டல். இதைப் பற்றி நம்மவர்களிடம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். தமிழ்நாட்டில் நர்சிங் படித்தவர்கள் உழைப்புக்கு அஞ்சாதவர்கள். சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்கு முன்பே முடிப்பவர்கள். ஆனால் மூத்தவர் எதிரே நின்று 'இது சரியில்லை' என்று சொல்ல நமக்குப் பழக்கப்படுத்தவில்லை. டாக்டர் வந்தால் எழுந்து நிற்பதும், சிஸ்டர் திட்டினால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வதும் நம் பயிற்சிக் காலத்தின் இயல்பாக இருந்தன. இங்கே ஒரு குழுவை நடத்தும்போது, தாமதமாக வருபவரிடம், கையுறை அணியாமல் கீமோ பையைத் தொடுபவரிடம், குறிப்பேட்டில் எழுதாமல் போகும் டாக்டரிடம், அன்றே, முகம் பார்த்து, குரலை உயர்த்தாமல் பேச வேண்டும். பயிலரங்கில் இருவர் இருவராக உட்கார்ந்து இத்தகைய உரையாடல்களைப் பேசிப் பார்த்தது எனக்குப் புத்தகப் பாடம் எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. என்ன நடந்தது, அதனால் நோயாளிக்கு என்ன ஆகும், இனி எப்படி நடக்க வேண்டும் என்ற வரிசையில் பேசப் பழகினேன். மதுரையிலிருந்து வந்த இளைய செவிலியர் ஒருவர் எங்கள் யூனிட்டில் இருந்தார். ஒரு டாக்டர் மருந்தளவை வாய்மொழியாக மாற்றச் சொன்னபோது என்னிடம் ஓடி வந்து, 'அக்கா, நீங்களே கேளுங்க, நான் கேட்டா தப்பா எடுத்துக்குவாங்க' என்றார். 'நான் பக்கத்துல நிக்கிறேன், நீயே கேளும்மா' என்றேன். அவர் கேட்டார், டாக்டர் மன்னிப்புச் சொல்லி, கணினியில் முறையாக எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை அந்தப் பெண் என்னைத் தேடி வரவில்லை.

அந்த ஒன்பது கூறுகளை வைத்து நம்மை நாமே மதிப்பிட்டுக்கொள்ளவும், மேலிருப்பவர், உடன் வேலை செய்பவர், நமக்குக் கீழ் வேலை செய்பவர் என எல்லோரிடமும் கருத்துக் கேட்கவும் அகாடமியிடம் 360 பாகை மதிப்பீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் தவறவிட வேண்டாம். எனக்கு வந்த கருத்துகளில் அக்கறை பற்றி நிறையவே எழுதியிருந்தார்கள். முடிவெடுப்பவர்களிடம் செல்வாக்குச் செலுத்துவது பற்றிக் கேட்ட இடத்தில், 'அப்படிப்பட்ட கூட்டங்களில் இவரை நாங்கள் பார்த்ததில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் காட்டித்தான், மாதாந்தர ஆன்காலஜி நிர்வாகக் கூட்டத்தில் உட்கார அனுமதி கேட்டேன். மேட்ரன் உடனே சம்மதித்தார்.

இனி, பயிற்சி தராதவை. இது என்.எச்.எஸ். ஊழியர் எல்லோருக்கும் பொதுவான பயிற்சி. ஆம்புலன்ஸ் ஊழியரும் அலுவலகப் பணியாளரும் உங்களோடு சேர்ந்தே படிப்பார்கள். பிற துறையினரின் சிரமங்களைக் கேட்பது நல்லதுதான். ஆனால் பல மாதம் பழகிய நோயாளி இறந்த மறுநாள் காலை, அதே நாற்காலியில் இன்னொருவரை உட்காரவைத்து ஊசி போடும் செவிலியர்களை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பதற்கான விடையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. புற்றுநோய்ப் பிரிவின் தலைவருக்கு மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமான பாடம் அது என்பது என் உறுதியான கருத்து. அதை மேக்மில்லன் என்னும் புற்றுநோய் அறக்கட்டளையின் பயிற்சிகளிலும், அனுபவமுள்ள ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ்களிடமும் தேட வேண்டும். அவசரப் பரிந்துரையிலிருந்து 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது போன்ற புற்றுநோய்ப் பிரிவின் இலக்குகளையும் நீங்களே படித்துக்கொள்ள வேண்டும்; லீட் கேன்சர் நர்ஸ் பதவிக்கான நேர்காணலுக்கு அந்த அறிவு இல்லாமல் போக முடியாது.

நேரம் இன்னொரு சிக்கல். நூறு மணி நேரம் என்பது காகிதத்தில் சிறிதாகத் தெரியும்; பன்னிரண்டரை மணி நேர ஷிப்டுக்குப் பிறகு, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். நான் அப்போது வேலை செய்த மருத்துவமனையில் படிப்பு நேரம் தருவதாக வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆள் பற்றாக்குறை வந்தவுடன் ரோட்டாவிலிருந்து (பணி அட்டவணையிலிருந்து) முதலில் காணாமல் போனது அந்த நேரம்தான். பாதிப் பாடத்தை விடுமுறை நாட்களில் படித்து முடித்தேன். ஆகவே விண்ணப்பப் படிவத்தில் மேலாளர் கையெழுத்துப் போடும் அன்றே, எந்தெந்த நாட்களில் எத்தனை மணி நேரம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சான்றிதழால் திறக்காத கதவுகளும் இருக்கின்றன. ரோஜர் கிளைன் 2014-இல் எழுதிய ஆய்வறிக்கை, என்.எச்.எஸ். தலைமைப் பதவிகளில் வெள்ளையரல்லாதோர் எவ்வளவு குறைவு என்பதை வெளிப்படையாகக் காட்டியது. 2015 முதல், மருத்துவமனைகளை நடத்தும் ஒவ்வொரு என்.எச்.எஸ். டிரஸ்ட்டும் இந்த வேறுபாட்டை அளந்து வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. நேர்காணலுக்குத் தேர்வானவர்களுள்ளும் வெள்ளையர்களே வேலைக்கு நியமிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதை அந்தக் கணக்குகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. இதைத் திறமைக் குறைவு என்றோ பயிற்சிக் குறைவு என்றோ நம்மவர்கள் எடுத்துக்கொண்டு, ஒரு படிப்புக்கு மேல் இன்னொரு படிப்பாகச் சேர்த்துக்கொண்டே போவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. சிறுபான்மை இனத்தவருக்கென அகாடமி 'ஸ்டெப்பிங் அப்' என்ற தனிப் பயிற்சியை நடத்தியது. உங்கள் பகுதியில் அது போன்ற ஒன்று இருந்தால் அதையும் விசாரியுங்கள். அதைவிட, உங்களுக்காக மூடிய அறைக்குள் பேசக்கூடிய ஒரு மூத்தவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

மற்ற பயிற்சிகளோடு ஒப்பிட்டால், அகாடமியின் எட்வர்ட் ஜென்னர் பயிற்சி இலவசம், முழுவதும் ஆன்லைன். பேண்ட் 5-இல் இருப்பவர் அதிலிருந்து தொடங்கலாம், எனக்கும் அதுவே வாசலாக இருந்தது. பல குழுக்களை மேற்பார்க்கும் நடுநிலைத் தலைவர்களுக்கு ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பயிற்சி இருக்கிறது. எலிசபெத் காரெட் ஆண்டர்சன் பயிற்சி இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. குடும்பமும் முழுநேர வேலையும் இருப்பவர் யோசித்துத்தான் இறங்க வேண்டும். செவிலியர்களை முன்னிறுத்தி இருப்பது ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அறக்கட்டளையின் தலைமைத்துவ உதவித்தொகை. அதில் நாடகக் கல்லூரிப் பயிற்றுநர்களைக் கொண்டு சபையில் நிற்கவும் பேசவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் நம்மவர்களுக்கு அது பெரும் பயன் தரும் என்று முடித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்று, புற்றுநோய்ப் பிரிவின் துயரத்துக்கும் தலைமைக்கும் உள்ள உறவைத் தொடாததற்காக. பேண்ட் 6-க்கு வந்து ஓராண்டாவது ஆனவர்கள், தம் யூனிட்டில் நோயாளிகளுக்குத் தொல்லை தரும் ஏதாவது ஒன்றை முன்பே மனதில் குறித்துவைத்துக்கொண்டு சேருவது நல்லது. உள்ளூரிலேயே இதே பயிற்சியை நடத்தும் டிரஸ்ட்டுகளும் இருக்கின்றன. அங்கே உங்கள் பார்மசிக்காரரும் அவசரப் பிரிவுக்காரரும் ஒரே வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால், முதலில் உங்கள் மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் அது நடக்கிறதா, அடுத்த குழு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுவிட்டு, அதன் பிறகு தேசிய அளவிலான விண்ணப்பத்தைப் பாருங்கள்.